குளிர்காலத்துக்கு அரிசோனா: குவார்ட்ஸைட் வெட்டவெளியா, யூமா ரிசார்ட்டா, மேசா பார்க் மாடலா?

டொரண்டோவிலும் வினிபெக்கிலும் வாசலில் உப்புத் தூவத் தொடங்கும் நவம்பரில், அரிசோனாவின் தென்மேற்கு மூலையில் இருக்கும் யூமாவில் பகல் வெப்பம் 25 டிகிரியை ஒட்டி இருக்கும். ஜனவரியில்கூடப் பகலில் 20, 21. இரவில் 7, 8. ஆண்டு முழுக்கப் பெய்யும் மழை மூன்று அங்குலம் அளவுதான். இந்த வெயிலுக்காகத்தான் கனடாவிலிருந்தும் மினசோட்டா, டகோட்டா பக்கமிருந்தும் ஓய்வுபெற்றவர்கள் ஆர்.வி. எனும் வீட்டு வண்டியோடு இறங்குகிறார்கள். ஸ்னோபேர்ட் என்று அவர்களுக்குப் பெயர். ஏப்ரல் பாதியில் வெயில் சுடத் தொடங்கியதும் வடக்கே திரும்பிவிடுவார்கள்.

தங்க மூன்று வழிகள் உண்டு. குவார்ட்ஸைட் ஊரை ஒட்டிய அரசுப் பாலைநிலத்தில், எந்த இணைப்பும் இல்லாமல் சொந்த வண்டியில் இருப்பது ஒன்று. யூமாவில் தண்ணீர், கரண்ட், கழிவுக் குழாய் மூன்றும் உள்ள ஆர்.வி. ரிசார்ட்டில் இடம் எடுப்பது இன்னொன்று. வண்டியே இல்லாமல், ஃபீனிக்ஸுக்குக் கிழக்கே மேசா, அப்பாச்சி ஜங்ஷன் பகுதியில் பார்க் மாடல் எனப்படும் சிறு வீட்டை வாடகைக்கு எடுப்பதோ வாங்குவதோ மூன்றாவது.

இவற்றை மாத வாடகையை மட்டும் வைத்து ஒப்பிடுபவர்கள் பெரும்பாலும் தப்பான இடத்தில் போய் நிற்கிறார்கள். தண்ணீரையும் கழிவையும் யார் சுமப்பது, ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம், வருடத்தில் எத்தனை நாள் இருக்க முடியும் என்ற மூன்றையும் முதலில் எழுதிவைத்துக்கொண்டால் பாதி முடிவு தானாக வந்துவிடும்.

முதலில் நாட்கணக்கு

கனடாவிலிருந்து வருபவர்களுக்கு இந்தக் கணக்கு இடத்தேர்வுக்கும் முந்தியது. ஆறு மாதத்துக்கு ரிசார்ட் கட்டணம் கட்டிவிட்டு நாலு மாதத்தில் திரும்ப வேண்டியிருந்தால் பணம் போனதுதான்.

அமெரிக்க எல்லையில் கனடியர்களைப் பொதுவாக ஆறு மாதம் வரை அனுமதிப்பார்கள். ஆனால் அமெரிக்க வருமான வரித் துறைக்கு வேறு கணக்கு இருக்கிறது. இந்த ஆண்டு இருந்த நாட்கள் முழுதாக, போன ஆண்டு நாட்களில் மூன்றில் ஒரு பங்கு, அதற்கும் முந்தின ஆண்டு நாட்களில் ஆறில் ஒரு பங்கு. மூன்றையும் கூட்டி 183 வந்தால் நீங்கள் வரிக்கு உட்பட்டவர் என்று எடுத்துக்கொள்வார்கள். ஆண்டுதோறும் 121 நாள் இருந்தால் கூட்டுத்தொகை 181.5, தப்பித்தீர்கள். 122 ஆனால் சரியாக 183, மாட்டினீர்கள். அதைத் தாண்டி 180 நாள் வரை இருப்பவர்கள், தங்கள் உறவும் வீடும் கனடாவில்தான் என்று காட்டும் 8840 படிவத்தை ஜூன் 15-க்குள் அனுப்ப வேண்டும். வரி கட்ட வேண்டியதில்லை, ஆனால் படிவத்தை விட்டுவிடக் கூடாது. எல்லை தாண்டிய நாள், திரும்பிய நாள் இரண்டும் முழு நாளாகவே எண்ணப்படும். நடுவில் மெக்சிகோவுக்குள் போய்வந்தால் ஆறு மாதக் கெடு புதிதாகத் தொடங்கும் என்று சொல்லிக்கொண்டு திரிபவர் ஒவ்வோர் ஆர்.வி. பார்க்கிலும் ஒருவராவது இருப்பார், அப்படித் தொடங்காது.

2025 ஏப்ரல் 11 முதல் இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. தரைவழியாக வந்து, ஐ-94 எனும் நுழைவுப் பதிவு இல்லாமல், 30 நாளுக்கு மேல் தங்கும் கனடியர்கள் இணையத்தில் பதிவுசெய்து அந்தத் தாளைக் கையில் வைத்திருக்க வேண்டும். எல்லைக்கு வரும் முன்பே ஐ-94-க்கு இணையத்தில் விண்ணப்பித்துவிட்டால் இந்த வேலை மிச்சம்.

மாகாண மருத்துவக் காப்பீடு அடுத்தது. ஒன்டாரியோவில் எந்த 12 மாதத்திலும் 212 நாள் வரை வெளியே இருக்கலாம். க்யூபெக்கில் காலண்டர் ஆண்டில் 183 நாளை எட்டக் கூடாது. 21 நாளோ அதற்குக் குறைவோ ஆன பயணங்கள் கணக்கில் வராது. ஒன்டாரியோவின் ஓஹிப் காப்பீட்டு அட்டை செல்லுபடியாக இருப்பதால் அரிசோனா ஆஸ்பத்திரிச் செலவு தீர்ந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். வெளிநாட்டில் அவசரமாக அனுமதிக்கப்பட்டால் அது தருவது நாளுக்கு அதிகபட்சம் 400 கனடிய டாலர். அங்கே அது ஒரு மணி நேரத்துக்குக்கூடப் பற்றாது. பயணக் காப்பீடு கட்டாயம் வேண்டும். அதில் 'நிலையான உடல்நிலை' என்ற நிபந்தனையைப் படியுங்கள். புறப்படும் முன் 90 அல்லது 180 நாளுக்குள் பிரஷர் மாத்திரையின் அளவை டாக்டர் மாற்றியிருந்தாலே அந்த நோய்க்கான க்ளெய்மை மறுத்துவிடலாம். மாத்திரை மாற்றம் ஏதும் செய்வதானால் கோடையிலேயே செய்துகொள்வது நல்லது.

அமெரிக்காவிலேயே வாழ்பவர்களுக்கு இந்தத் தலைவலி இல்லை. ஒன்று மட்டும் பாருங்கள்: மூத்தோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான அசல் மெடிகேர் எந்த மாநிலத்திலும் செல்லும், தனியார் நடத்தும் மெடிகேர் அட்வான்டேஜில் எச்.எம்.ஓ. வகைத் திட்டங்கள் சொந்த ஊர் வட்டாரத்துக்கு வெளியே பெரும்பாலும் அவசர சிகிச்சைக்கு மட்டுமே பணம் தரும்.

குவார்ட்ஸைட்: எல்லாமே உங்கள் பொறுப்பு

ஐ-10 நெடுஞ்சாலையும் 95-ம் எண் சாலையும் சந்திக்கும் இடத்தில் இருக்கும் சின்ன ஊர். 2020 கணக்கெடுப்பில் இரண்டாயிரத்து நானூறு பேர் சொச்சம். குளிர்காலத்தில் சுற்றியுள்ள பாலை முழுக்க வெள்ளை வண்டிகளாக நிற்கும். (1850-களில் அமெரிக்க ராணுவம் ஒட்டகப் படை அமைத்துப் பார்த்தபோது ஒட்டகம் ஓட்டக் கூட்டிவந்த ஹாஜி அலியின் கல்லறை இங்கேதான் இருக்கிறது, கல் பிரமிடு, உச்சியில் ஒட்டகம். மாலை நடைக்கு ஏற்ற இடம்.)

ஊருக்குத் தெற்கே லா போசா என்ற நீண்டகாலத் தங்கல் பகுதியைக் கூட்டரசின் நில நிர்வாகத் துறையான பி.எல்.எம். நடத்துகிறது. பரப்பு 11,000 ஏக்கருக்கு மேல். பருவம் செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை. பல ஆண்டுகளாக முழுப் பருவ பர்மிட் 180 டாலர், 14 நாள் பர்மிட் 40 டாலர் என்றே இருந்துவந்தது. புறப்படும் முன் இப்போதைய கட்டணத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். பருவ பர்மிட்டை வைத்துக்கொண்டு யூமா அருகே உள்ள இம்பீரியல் டேம் பகுதிக்கும், கலிஃபோர்னியா பக்கம் உள்ள மற்றப் பகுதிகளுக்கும் மாறிக்கொள்ளலாம். ஊரைச் சுற்றிப் பணமே கட்டாமல் தங்கும் இடங்களும் இருக்கின்றன. அங்கே 28 நாளில் 14 நாள்தான். பிறகு 25 மைல் தள்ளிப் போக வேண்டும். வயதான காலத்தில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கூடாரத்தைக் கலைப்பது அலுப்பு. பர்மிட் எடுப்பதே மேல்.

வண்டியில் குறைந்தது 10 கேலன் கொள்ளும் கழிவுநீர்த் தொட்டி இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பொதுக் கழிப்பறையிலிருந்து 500 அடிக்குள்தான் நிற்கலாம். பாத்திரம் கழுவிய தண்ணீரைக்கூட மண்ணில் விடக் கூடாது. குடிநீர் பிடிக்கவும் கழிவைக் கொட்டவும் குப்பை போடவும் லா போசாவுக்குள் ஓர் இடம் இருக்கிறது. அங்கே போவது உங்கள் வேலை.

தண்ணீர்தான் முதல் கடிவாளம். 50 கேலன் தொட்டி, அதாவது 190 லிட்டர், சிக்கனமான இருவருக்கு எட்டு ஒன்பது நாள் வரும். ஆனால் அதற்கு முன்பே நிரம்புவது சிங்க்கும் ஷவரும் வடியும் சாம்பல்நீர்த் தொட்டி. நம் சமையல் அதற்குச் சத்துரு. சாதம் வடித்த கஞ்சி, பருப்புக் கழுவிய நீர், தாளித்த எண்ணெய் எல்லாம் தொட்டிச் சுவரில் படிந்து, மட்டம் காட்டும் சென்ஸரை எப்போதும் 'நிரம்பிவிட்டது' என்றே காட்ட வைக்கும். பத்தாம் நாள் நாற்றமும் வரும். வடிப்பதை விட்டுக் குக்கரில் வையுங்கள். எண்ணெய்ப் பாத்திரத்தைப் பேப்பரால் துடைத்துக் குப்பையில் போட்டுவிட்டுப் பிறகு கழுவுங்கள். வண்டியை நகர்த்தாமல் கொட்ட வேண்டுமானால் சக்கரம் வைத்த சிறு தொட்டி வாங்கலாம். இல்லை, ஃபோன் செய்தால் லாரியில் வந்து கழிவை உறிஞ்சிக்கொண்டும் தண்ணீர் நிரப்பியும் போவார்கள். முதுகுவலி உள்ளவர் லாரிக்காரரின் செலவை வாடகைக் கணக்கில் சேர்த்துக்கொள்வதே யோக்கியம்.

அடுத்தது கரண்ட். ஜனவரிக் குளிரில் கேஸ் ஹீட்டரின் காற்றாடி 7 ஆம்பியர் இழுக்கும். இரவில் மொத்தம் நாலு மணி நேரம் ஓடினால் 28 ஆம்பியர்-மணி. 12 வோல்ட் ஃப்ரிட்ஜுக்கு 55, விளக்கு, டி.வி., பம்புக்கு 20, ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள் இணையம் ஆறு மணி நேரம் என்றால் 35. கூட்டினால் 140-ஐ ஒட்டி வரும், ஏறத்தாழ 1.8 யூனிட். கூரையில் படுத்த வாக்கில் கிடக்கும் 400 வாட் சோலார் பேனல் டிசம்பரில் தருவது ஒரு யூனிட்டுக்குச் சற்று மேல். காரணம் எளிது: இந்த அட்சரேகையில் டிசம்பர் உச்சிவெயிலே 33 டிகிரி உயரத்தில்தான் நிற்கும், படுத்த பேனலில் விழுவது நேர்வெயிலில் 54 சதவீதம். அதே பேனலைத் தெற்கே பார்த்து 55 டிகிரி சாய்த்தால் கிடைப்பது 1.8 யூனிட்டை நெருங்கும். ஆகவே சாய்க்கும் கால்களோடு 600 வாட், 200 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரி என்பது கவலையில்லாத அளவு. பழைய ஈயப் பேட்டரியில் பாதியைத்தான் பயன்படுத்தலாம் என்பதால் அதே வேலைக்கு 400 வேண்டும். காற்றடிக்கும் நாளில் சாய்த்த பேனலை இறக்கிவிடுங்கள், வெய்யில் மறைப்புத் துணியையும் சுருட்டிவிடுங்கள். அங்கே காற்று சொல்லிக்கொண்டு வராது. ஜெனரேட்டர் இருந்தாலும் இரவு 10 முதல் காலை 6 வரை சத்தம் கூடாது.

கேஸ் கணக்கும் போட்டுவிடலாம். 30,000 பி.டி.யு. ஹீட்டர் ஒரு கேலன் ப்ரொப்பேனை மூன்று மணி நேரத்தில் தின்னும். நாலு மணி ஓட்டத்துக்கு ராத்திரிக்கு 1.3 கேலன். 30 பவுண்ட் சிலிண்டரில் 7 கேலன் பிடிக்கும், இரண்டு சிலிண்டர் பத்து இரவுக்குக் காணும். பேட்டரியை மிச்சம் பிடிக்கச் சிலர் கரண்ட் வேண்டாத கேட்டலிட்டிக் ஹீட்டரை வைக்கிறார்கள். அதை எரியவிடும்போது ஜன்னல் ஓர் அங்குலம் திறந்திருக்க வேண்டும். கார்பன் மோனாக்ஸைடு அலாரம் வேலை செய்கிறதா என்று பார்த்த பிறகே மூட்டுங்கள். ப்ரொப்பேனில் ஓடும் ஃப்ரிட்ஜ் உள்ளவர்கள் வண்டியை மட்டம் பார்த்து நிறுத்த வேண்டும். சரிவில் வாரக்கணக்கில் ஓடினால் குளிரூட்டும் குழாய் உள்ளுக்குள் அடைத்து ஃப்ரிட்ஜே போய்விடும், அது சின்னச் செலவில்லை.

இடம் பிடிக்கும்போது மணல் வாரிகளைத் தவிருங்கள். காய்ந்த ஓடை அகலமாகச் சமதளமாக அழகாகத்தான் இருக்கும்; எங்கோ மலையில் பெய்தாலும் வெள்ளம் அதன் வழியேதான் வரும். அங்குள்ள காட்டெலிகள் எஞ்சினுக்குள் கூடு கட்டி ஒயரைக் கடிக்கும். இரவில் பானெட்டைத் திறந்துபோட்டுக் கீழே ஒரு விளக்கு எரியவிடுவது அங்கே எல்லோரும் செய்வது, பயனும் உண்டு. ஜனவரிக் கடைசியில் ஆர்.வி. கண்காட்சி நடக்கும் நாட்களில் கேஸ், தண்ணீர், கழிவு எல்லாவற்றுக்கும் வரிசை. செல்ஃபோன் இணையமும் தவழும். அதற்கு முந்தின வாரமே எல்லாவற்றையும் நிரப்பிக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றையும் மிஞ்சிய ஒரு குறை: ஊரில் ஆஸ்பத்திரி இல்லை. பார்க்கருக்கு 35 மைல். இதய சிகிச்சை போன்ற பெரிய காரியத்துக்கு ஃபீனிக்ஸ், 130 மைல். ஸ்டென்ட் வைத்தவர், டயாலிசிஸ் செய்பவர், இரவில் ஆக்சிஜன் எந்திரம் வேண்டியவர் இந்த வழியை விட்டுவிடுங்கள். மற்றவர்களுக்கு, ஏற்கெனவே நல்ல வண்டியும் சோலாரும் இருந்தால், இதைவிட மலிவான குளிர்காலம் அமெரிக்காவில் கிடையாது. இரவு வானமும் இலவசம்.

யூமா: குழாய் இருக்கிறது, அக்கம்பக்கமும் இருக்கிறது

ரிசார்ட்டில் வண்டியை நிறுத்தி மூன்று இணைப்பையும் கொடுத்துவிட்டால் வேலை முடிந்தது என்று தோன்றும். கிட்டத்தட்ட அப்படித்தான். ஆனால் ஒவ்வோர் இணைப்பிலும் ஒரு கண்ணி இருக்கிறது.

30 ஆம்பியர் இணைப்பு என்றால் 3,600 வாட். 50 ஆம்பியர் என்பது அதைவிடச் சற்றுக் கூடுதல் என்று பலர் நினைக்கிறார்கள். அதில் இரண்டு லைன் வருவதால் 12,000 வாட். 30-இல் ரூம் ஹீட்டர் 1,500, மைக்ரோவேவ் 1,500, வாட்டர் ஹீட்டர் 1,400 மூன்றும் ஒன்றாக ஓடினால் ப்ரேக்கர் விழும். மிக்ஸியை அந்த நேரம் பார்த்துப் போட்டால் சொல்லவே வேண்டாம். பழைய பார்க்குகளில் குளிரான காலையில் எல்லோரும் ஹீட்டர் போடும்போது வோல்டேஜ் இறங்கும். 104-க்குக் கீழே போனால் துண்டித்துவிடும் பாதுகாப்புப் பெட்டியைப் பார்க்கின் இணைப்புத் தூணுக்கும் வண்டிக்கும் நடுவே மாட்டுங்கள். இல்லாவிட்டால் ஏசி கம்ப்ரஸர்தான் பலி.

கழிவுக் குழாயை மாட்டிய கையோடு கழிப்பறைத் தொட்டியின் வால்வைத் திறந்தே விட்டுவிடுவது புதியவர்கள் எல்லோரும் செய்வது. தண்ணீர் உடனுக்குடன் ஓடிவிடும், கெட்டியானது அடியில் தங்கிக் குவிந்து இறுகும். மார்ச் மாதம் அதை உடைக்க ஆள் கூப்பிட வேண்டும். வால்வை மூடியே வையுங்கள். மூன்றில் இரண்டு பங்கு நிரம்பியதும் திறந்து கொட்டி, பின்னாலேயே சாம்பல்நீரைத் திறந்தால் குழாய் கழுவப்பட்டுவிடும்.

தண்ணீர் கடினமானது. ஷவர் துளைகளில் வெள்ளைப் படலம் ஒரு மாதத்தில் தெரியும். சிறு சாஃப்ட்னர் வைப்பது வசதி. பார்க் குழாயின் அழுத்தம் வண்டியின் பிளாஸ்டிக் குழாய்க்கு அதிகம் என்பதால் 40 முதல் 50 பி.எஸ்.ஐ.க்குக் குறைக்கும் ரெகுலேட்டரைத் தூணில், ஹோஸுக்கு முன்னால் மாட்ட வேண்டும். வண்டிப் பக்கம் மாட்டினால் வெடிப்பது ஹோஸ். வாட்டர் ஹீட்டரில் எஃகுத் தொட்டி இருந்தால் உள்ளே இருக்கும் மக்னீசியக் கோலை ஆண்டுக்கொருமுறை கழற்றிப் பாருங்கள். இரும்புக் கம்பி மட்டும் மிஞ்சியிருந்தால் புதிது போடும் நேரம் தாண்டிவிட்டது.

பணத்தில் கவனிக்க வேண்டியது விளம்பரத்தில் சொல்லாத செலவு: மாத வாடகை எடுத்தால் கரண்டுக்குத் தனி மீட்டர். 1,500 வாட் ஹீட்டர் இரவில் ஆறு மணி நேரம் ஓடினால் 9 யூனிட், மாதத்துக்கு 270. நாள் வாடகையில் இது சேர்ந்தே வரும், ஆனால் அந்த வாடகையில் ஒரு மாதம் தங்கினால் மாத வாடகையைப்போலப் பல மடங்கு ஆகும். முன்பணம் திரும்புமா, நாய்க்குத் தனிக் கட்டணமா, இரண்டாவது வண்டி நிறுத்த இடம் உண்டா, பக்கத்து வண்டிக்கும் நமக்கும் எத்தனை அடி என்பதையும் கேளுங்கள். பத்து வருடத்துக்கு மேல் பழைய வண்டியைச் சில ரிசார்ட்டுகள் ஏற்பதில்லை; சில இடங்களில் ஃபோட்டோ அனுப்பினால் சம்மதிப்பார்கள். 55 வயதுக்கு மேற்பட்டோருக்கான பார்க் என்றால் இருவரில் ஒருவர் 55 ஆனால் பெரும்பாலும் போதும், ஆனால் கிறிஸ்துமஸுக்கு வரும் பேரப்பிள்ளைகள் எத்தனை இரவு தங்கலாம் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

யூமாவின் பெரிய ஈர்ப்பு எல்லைக்கு அப்பால் இருக்கிறது. மேற்கே சில மைல் தள்ளி, மெக்சிகோவின் லோஸ் அல்கோதோனெஸ். தெருவெல்லாம் பல் டாக்டர்கள், கண்ணாடிக் கடைகள், மருந்துக் கடைகள். வண்டியை அமெரிக்கப் பக்கம் நிறுத்திவிட்டு நடந்தே போகலாம். திரும்பும் வரிசைதான் சோதனை. ஜனவரி, பிப்ரவரி மதியங்களில் மணிக்கணக்கில் வெயிலில் நிற்க நேரும். வார நடுவில் காலையிலேயே போய் மதியத்துக்குள் திரும்புங்கள். க்ரவுன் போட இரண்டு மூன்று தடவை போக வேண்டியிருக்கும், போட்டபின் கடி சரியில்லையென்றால் மறுபடியும். ஊர் திரும்பும் கடைசி வாரத்தில் பல் வேலையைத் தொடங்கினால் அரைகுறையாக நிற்கும். பயணக் காப்பீடு மெக்சிகோவுக்கும் செல்லுமா என்பதை முன்பே பார்த்துவையுங்கள்.

குறைகளும் உண்டு. யூமா கடற்படைக் காலாட்படையின் விமானத் தளம் உள்ள ஊர். ஓடுபாதைப் பக்கத்து ரிசார்ட்டில் போர் விமானச் சத்தம் காதைப் பிளக்கும். குளிர்காலத்தில் அமெரிக்கா முழுக்கத் தின்னும் லெட்டூஸ், கீரை வகைகள் பெரும்பாலும் இந்த வயல்களில் விளைவதால் எரு நாற்றமும் அதிகாலை மருந்தடிக்கும் விமானமும் உண்டு. நகரின் கிழக்கே ஃபூட்ஹில்ஸ் பக்கம் இவை குறைவு. அங்கே தனி மனையாகவே வாங்கி இணைப்புப் போட்டு வண்டியை நிறுத்துபவர்களும் இருக்கிறார்கள். ஊருக்குள்ளேயே பெரிய ஆஸ்பத்திரி உள்ளது. குவார்ட்ஸைட்டோடு ஒப்பிட இந்த ஒன்றே போதும்.

மேசா: வண்டி இல்லாதவர்களுக்கு

பார்க் மாடல் என்பது 400 சதுர அடிக்குள் அடங்கும், சக்கரம் வைத்த சேஸிஸ் மேல் கட்டிய வீடு. பக்கவாட்டில் அடைத்துக் கட்டிய 'அரிசோனா ரூம்' சேர்ந்தால் இருவருக்குத் தாராளம். டொரண்டோவிலிருந்தும் கால்கரியிலிருந்தும் ஃபீனிக்ஸுக்கு நேர் விமானம் இருப்பதால் நவம்பர் பனியில் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் ஓட்டும் பாடு இல்லை. பெரிய ஆஸ்பத்திரிகள் பக்கத்திலேயே. சான்ட்லர் பக்கம் இந்திய மளிகைக் கடைகள், தெற்கே மாரிகோப்பாவில் மகா கணபதி கோயில். மற்ற இரண்டு ஊரிலும் கறிவேப்பிலைக்கு ஃபீனிக்ஸ் வர வேண்டியதை நினைத்தால் இது சிறிய விஷயமில்லை.

முதல் ஆண்டிலேயே வாங்குவதுதான் இங்கே நடக்கும் பெரிய தப்பு. வீடு உங்களுடையது, மனை பார்க்குடையது. மனை வாடகை ஆண்டுக்காண்டு ஏறும், ஏறினால் வீட்டைத் தூக்கிக்கொண்டு போவதும் லேசில்லை. பழைய வீட்டை விற்கும்போது, வாங்குபவரைப் பார்க் நிர்வாகம் ஏற்க வேண்டும். சில பார்க்குகள் குறிப்பிட்ட வயதைத் தாண்டிய வீட்டை அகற்றச் சொல்லும். கையெழுத்துக்கு முன் கடந்த ஐந்து ஆண்டு வாடகை ஏற்றத்தைக் கேட்டு வாங்குங்கள். சொல்லத் தயங்கும் பார்க்கில் வாங்க வேண்டாம்.

வாங்கிவிட்டால் ஏழு மாதக் கோடையைப் பூட்டிய வீடு தாங்க வேண்டும். வெளியே 45 டிகிரி. வாட்டர் ஹீட்டரையும் தண்ணீர் வால்வையும் மூடுங்கள். ஃப்ரிட்ஜைக் காலிசெய்து கதவைத் திறந்துவையுங்கள். சிங்க், கழிப்பறை வளைவுகளில் உள்ள நீர் ஆவியாகிவிட்டால் சாக்கடை வாயுவும் கரப்பானும் அந்த வழியே உள்ளே வரும். கிளம்பும் முன் ஒவ்வொன்றிலும் சமையல் எண்ணெய் இரண்டு கரண்டி ஊற்றினால் மேலே படலமாக நின்று ஆவியாகாமல் காக்கும். ரிமோட்டுகளில் உள்ள பேட்டரி, மெழுகுவர்த்தி, டின் உணவு எல்லாவற்றையும் வெளியே எடுங்கள். கசிந்தும் உருகியும் வீங்கியும் கிடக்கும்.

ஃபீனிக்ஸ், டூசான் வட்டாரப் புழுதியில் இருக்கும் பூஞ்சையால் வரும் வேலி ஃபீவர் பற்றியும் தெரிந்திருக்க வேண்டும். காய்ச்சல், இருமல், விடாத அசதி. நிமோனியா என்று தவறாக எடுத்துக்கொண்டு ஆன்டிபயாட்டிக் கொடுப்பார்கள், கேட்காது. சர்க்கரை நோயாளிகளுக்குக் கடுமையாகலாம். ஊர் திரும்பியபின் வந்தால் கனடா டாக்டருக்கு இது தோன்றாது. அரிசோனாவில் இருந்ததை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

டூசானுக்கு அப்பால் பென்சன் போன்ற உயரமான ஊர்கள் விலையில் கவரும். பென்சன் 3,500 அடிக்கு மேல். ஜனவரி இரவில் தண்ணீர்க் குழாய் உறையும், லித்தியம் பேட்டரி பூஜ்யத்துக்குக் கீழே சார்ஜ் ஏறாது. குளிரிலிருந்து தப்பி வந்தவர்களுக்கு ஏன் இந்த வேலை.

யார் எதை எடுக்கலாம்

ஆர்.வி. ஏற்கெனவே இல்லாதவர் இதற்காக மட்டும் வாங்குவது நட்டம். டொரண்டோவிலிருந்து யூமா போய்வரச் சுமார் 7,600 கிலோமீட்டர். இழுத்துச் செல்லும் ட்ரக் நூறு கிலோமீட்டருக்கு 25 லிட்டர் குடித்தால் 1,900 லிட்டர். இதோடு இன்ஷூரன்ஸ், டயர், தேய்மானம். நாலு மாத பார்க் மாடல் வாடகையை இந்தத் தொகைக்கு எதிரில் வைத்துப் பாருங்கள். சின்னப் பார்க்குகளில் வாடகையே ஜெயிக்கும்.

வண்டி உள்ளவர்கள், உடல் தெம்பும் கொஞ்சம் ஒயர் அறிவும் இருந்தால், யூமாவில் நவம்பர், டிசம்பர் இருந்துவிட்டு ஜனவரியில் 14 நாள் பர்மிட் எடுத்துக் குவார்ட்ஸைட்டில் நின்று பார்க்கலாம். இரண்டு வாரத்திலேயே தண்ணீர் தூக்கும் வேலை உங்களுக்கு ஒத்துவருமா என்று தெரிந்துவிடும். இதை மாற்றிச் செய்ய முடியாது: ரிசார்ட்டில் ஜனவரி முதல் மார்ச் வரை உள்ள இடங்களைப் போன வருடம் இருந்தவர்களே கிளம்பும்போது மறுபடி பிடித்துவைத்துவிடுவார்கள். புதியவருக்கு அகப்படுவது நவம்பரும் டிசம்பரும்தான். ஜனவரி முதல் வேண்டுமானால் முந்தின ஏப்ரலிலேயே ஃபோன் செய்ய வேண்டும்.

இருவரில் ஒருவருக்கு இதய, சிறுநீரகச் சிக்கல் இருந்தால் மேசா. இருவரில் ஒருவர்தான் வண்டி ஓட்டத் தெரிந்தவர் என்றாலும் மேசாதான். ஓட்டுபவர் காய்ச்சலில் படுத்தால் குவார்ட்ஸைட் வெளியிலிருந்து பால் வாங்கக்கூட மற்றவரால் போக முடியாது.

வண்டியோடு கிளம்புபவர்கள் டயர்ப் பக்கவாட்டில் உள்ள நாலு எண்ணைப் பாருங்கள். 2319 என்றால் 2019-இன் 23-வது வாரம் செய்தது. ஆறேழு வருடம் தாண்டியிருந்தால் பூ தேயாவிட்டாலும் மாற்றுங்கள். பாலை வெயிலில் ரப்பர் பக்கவாட்டில்தான் வெடிக்கும். நிறுத்திய பிறகு டயருக்கு வெள்ளை உறை போட்டுவிடுங்கள். வண்டியின் தண்ணீர்க் குழாய்களில் ஊற்றிய ரோஸ் நிற ஆன்டிஃப்ரீஸைப் போய்ச் சேரும் வரை எடுக்க வேண்டாம். நவம்பர் இறுதியில் ஒக்லஹோமாவில்கூட இரவில் உறையும். அதுவரை குடிக்கவும் கழுவவும் கேனில் தண்ணீர்.